பத்து ராத்தலுக்கு மேல் கூடாது

நாட்றம்பள்ளி
29 ஏப்ரல் 1932

முனீருக்கு,

நீ அனுப்பிய சாமான் வந்து சேர்ந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து மாட்டுவண்டியில் வந்ததை இரண்டு பேர் பிடித்து தபாலாபீஸ் வாசலில் இறக்கினார்கள். தபால்காரர் என்னைப் பார்த்து, "இன்னாய்யா, கிணறு வெட்டப் போறியா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் உனக்கு என்ன எழுதினேன்? ஓடை மணலில் பொன் அலசுவதற்கு லேசான சாமான் வேண்டும், ஒரே ஆள் முதுகில் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும் என்று எழுதினேன். நீ ஆறடி நீளத்தில் மரத்தொட்டி செய்து அனுப்பியிருக்கிறாய். கூடவே ஒரு கடப்பாரை, இரும்புச் சல்லடை, வலீமா விருந்துக்குச் சோறு போடுகிற அளவில் ஓர் இரும்புத் தட்டு. மண்டிக்காரர் தராசில் வைத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு ராத்தல். நான் ஆளா, கழுதையா?

ஊசிக்கல் ஓடைக்கு இங்கிருந்து ஆறு மைல். கடைசி இரண்டு மைல் பாறை ஏற்றம். போய்ச் சேர்ந்தாலும் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஒரு மடுவில் இரண்டு நாள் அலசினால் அடுத்த மடுவுக்கு நகர வேண்டும். நான் போகிற இடமெல்லாம் சாமானும் வர வேண்டும்.

மறுபடி எழுதுகிறேன், கவனமாகப் படி. அகலமான தட்டு ஒன்று, சல்லடை ஒன்று, சின்னக் களைக்கொத்து ஒன்று, பாறை இடுக்கைச் சுரண்ட ஒரு வளைந்த கம்பி. எல்லாம் சேர்த்து பத்து ராத்தலுக்கு மேல் கூடாது.

நாள் ஓடுகிறது. ஆடி முதல் தேதிக்குள் இந்த ஓடையில் எடுத்த பொன் முப்பது குண்டுமணி எடை காட்டினால், ஒரு வருஷத்துக்கு ஓடையை எழுதித் தருவதாக ஜமீன் அமீன் சொல்லியிருக்கிறார். காட்டாவிட்டால் கிருஷ்ணகிரிக் கூட்டம் ஒன்று காத்திருக்கிறது, அவர்களுக்குப் போய்விடும். என் பெண்டாட்டி செண்பகமும் அதே தேதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "ஆடி பொறந்தா நான் தோல் ஷாப்புக்குப் போய்டுவேன், அப்புறம் என்னைத் தடுக்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாள். தோல் பதனிடுகிற உங்கள் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிற பெண்களின் வெந்துபோன கால்களைத் தினமும் பார்க்கிறவன் நீ. உனக்கு நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ரத்தினசாமி


ஆம்பூர்
4 மே 1932

தோஸ்த் ரத்தினத்துக்கு முனீர் அகமது எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மரத்தொட்டியை யார் செய்தது தெரியுமா? ஷாப்பில் பீப்பாய் கட்டுகிற ஆசாரியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, என் பீவி ஜஹீதா அவனுக்குக் கறிச்சோறு போட்டு, நான் பக்கத்திலேயே நின்று செய்ய வைத்தேன். ஒரு சொட்டு ஒழுகாது. அதைப் பார்த்து நீ கழுதை என்கிறாய்.

பதினான்கு வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள் நின்று மிஷினால் பாறையில் துளை போட்டவன் நீ. அந்த மிஷின் எத்தனை ராத்தல் என்று நீயே சொல்லிப் பீற்றிக்கொண்டதை நான் மறக்கவில்லை. இன்றைக்கு ஒரு கடப்பாரை ஜாஸ்தியாகப் போய்விட்டதா? லேசு வேண்டும், லேசு வேண்டும் என்றால் காற்றைத்தான் மூட்டை கட்டி அனுப்ப வேண்டும்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன். கிரசின் டின்னை வெட்டி ஒரு தட்டு அடித்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றரை ராத்தல்தான். களைக்கொத்தும் கம்பியும் கூட வைத்திருக்கிறேன். மூங்கில் சல்லடை. போதுமா?

செண்பகம் திங்கட்கிழமை வந்து உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டது. கழுதை என்கிற இடத்தில் சிரித்தது. குழி என்கிற இடத்தை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

முனீர்


நாட்றம்பள்ளி
11 மே 1932

முனீருக்கு,

டின் தட்டு இரண்டாம் நாளே மடங்கிவிட்டது. விளிம்பு விரலை அறுத்துவிட்டது. ஈர மணல் எத்தனை கனம் என்று யோசிக்காமல் அடித்திருக்கிறாய். அதைத் தட்டி நிமிர்த்துவதிலேயே பாதி நாள் போகிறது.

நான் பீற்றிக்கொண்ட மிஷினைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த மிஷின்தான் என்னை இப்படி ஆக்கியது. சுரங்கத்திலிருந்து நானாக நின்றுவிட்டேன் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். டாக்டர் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, கல்தூசி உள்ளே படிந்துவிட்டது, இனி கீழே இறங்கக் கூடாது என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். ஏற்றத்தில் இருபது அடி நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது. வெறும் கையோடு நடந்தாலே அப்படி. பத்து ராத்தல் என்று நான் எழுதியது சொகுசுக்காக அல்ல, அதற்கு மேல் என்னால் முடியாது.

இதைச் செண்பகத்திடம் படித்துக் காட்டினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். தெரிந்தால் அவள் ஆடி வரைகூடப் பொறுக்க மாட்டாள், அடுத்த நாளே குழியில் நிற்பாள்.

இப்போது சாமானுக்கு வருகிறேன். நீ தோல்காரன். தோலிலேயே ஒரு தட்டு செய்ய முடியாதா? குறுக்களவு ஒன்றேகால் அடி, சுற்றிலும் நாலு விரல் உயரம், நடுவில் கொஞ்சம் குழிவு. விறைப்பாக நிற்க வேண்டும். ஆனால் தோல் தண்ணீரைக் குடித்தால் ஊறி ஊறிக் கனம் ஏறிவிடும். ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. அதற்கு வழி உனக்குத்தான் தெரியும்.

ரத்தினசாமி


ஆம்பூர்
19 மே 1932

ரத்தினம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷாப்புக்குப் போனேன். வேலை ஓடவில்லை. கழுதை, காற்று என்றெல்லாம் எழுதிய என் கையை என்ன செய்வது? மன்னித்துவிடு. செண்பகத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. "அவரு நல்லா சாப்புடுறாரா பாய்?" என்று கேட்டது. நன்றாகச் சாப்பிடுகிறான் என்று நீ எழுதாததை நானே சேர்த்துப் படித்தேன்.

தட்டு அனுப்புகிறேன். உனக்காக ஐந்து நாள் உட்கார்ந்து செய்தது. ஆவாரம்பட்டையில் பதமான ஆட்டுத்தோல், இரண்டு அடுக்காக ஒட்டி, சுற்றிலும் பிரம்பு வளையம் வைத்துத் தைத்திருக்கிறேன். மொத்தம் முக்கால் ராத்தல். நீ சொன்னபடி ஒரு சொட்டும் குடிக்காது. மூன்று தடவை மீன் எண்ணெயும் கொழுப்பும் காய்ச்சி ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் வெயிலில் காயவைத்து, கண்ணாடி பதித்த கட்டையால் வழவழப்பாகத் தேய்த்து மறுபடி ஏற்றினேன். தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையில் போல ஓடுகிறது. மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னா பாய், சீமைக்கு அனுப்புற சரக்கா?" என்று கேட்டார்.

இருபது வருஷம் தோலுக்கு எண்ணெய் ஏற்றினேன். இத்தனை நல்ல வேலை நான் செய்ததில்லை. இனி உனக்குக் கனத்தைப் பற்றிப் பேஜார் வேண்டாம்.

முனீர்


நாட்றம்பள்ளி
12 ஜூன் 1932

முனீருக்கு,

தட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் இருப்பதே தெரியவில்லை. சாமான் மூட்டை முழுதும் ஒன்பது ராத்தல்தான் வருகிறது. மூச்சு வாங்கினாலும் நாளைக்கு இரண்டு மடு மாற முடிகிறது. இப்படி ஒரு தட்டு முதலிலேயே இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

ஆனால் பொன் இல்லை.

மூன்று வாரம் ஆயிற்று. விடிந்ததும் தண்ணீரில் உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை அலசுகிறேன். தட்டின் அடியில் கறுப்பு மணல் நிற்கிறது, பொன் நிற்க வேண்டிய இடம் அதுதான். கடுகளவில் எப்போதாவது ஒன்று கிடக்கிறது. பொடி ஒன்றுகூட இல்லை. இதுவரை சேர்த்தது நாலு குண்டுமணி எடை. டின் தட்டை நிமிர்த்தி நிமிர்த்தி அலசிய அந்தச் சில நாளில்கூடப் பொடி கண்ணில் பட்டது. இப்போது எங்கே போயிற்று? சில நேரம் தண்ணீர் மேல் மினுமினுவென்று ஏதோ மிதந்து போகிறது. காக்காப் பொன்தான், வேறென்ன மிதக்கும்?

எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது. கை பழகவில்லையா, கண் போய்விட்டதா, ஓடையே என்னை ஏமாற்றுகிறதா, ஒன்றும் புரியவில்லை. அமீன் நேற்று வந்து எட்டிப் பார்த்தார். கையை விரித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

தோல் கொஞ்சம் வெளுத்தாற்போல இருக்கிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று எழுது.

ரத்தினசாமி


ஆம்பூர்
17 ஜூன் 1932

ரத்தினம்,

வெளுத்தால் எண்ணெய் கம்மியாகிறது என்று அர்த்தம். ஒரு புட்டி மீன் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை உள்ளும் புறமும் நன்றாகத் தடவு. தோல் வாழ்நாள் முழுக்க வரும்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்த ஓடையில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் விட்டுவைப்பார்களா? நெஞ்சில் தூசியை வைத்துக்கொண்டு தண்ணீரில் கிடந்து ஏதாவது ஆகிவிட்டால் நான் செண்பகத்துக்கு என்ன பதில் சொல்வேன்? ஆடிக்கு மேல் குழி வேலைக்கு வரும் பெண்களின் பெயரை மேஸ்திரி கேட்டு எழுதுகிறார். செண்பகம் பெயர் கொடுத்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வந்துவிடு. இங்கே உனக்கு வாசல் காவல் வேலையாவது கேட்டுப் பார்க்கிறேன்.

முனீர்


நாட்றம்பள்ளி
27 ஜூன் 1932

முனீர் அகமதுவுக்கு,

நீ அனுப்பிய எண்ணெய் வந்தது. நீ சொன்னபடியே தடவினேன். அதற்குப் பிறகு கடுகளவு கிடைப்பதும் நின்றுபோயிற்று. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. கேட்டுக்கொள்.

இந்த மலையடியில் பட்டம்மாள் என்று ஒரு பெண் இருக்கிறாள். ஆடு மேய்ப்பவள். மழை விட்ட நாட்களில் ஓடையில் பொன்னும் அலசுவாள். வியாழக்கிழமை வந்து, நான் அலசிக் கொட்டுகிற இடத்துக்குக் கீழே உட்கார்ந்து மரத்தட்டில் அலச ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்று தள்ளிய மணலில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று மனதுக்குள் சிரித்தேன். மத்தியானம் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பொடிப்பொடியாக, மஞ்சளாக, தட்டின் ஓரம் பூராவும்.

என் தட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "இன்னா நாத்தம் இது? எண்ணெ பூசி வெச்சிருக்கியே. எண்ணெ பட்டா பொடிப்பொன்னு அடியில நிக்குமா? மெதந்து தண்ணியோட போய்டுமே. தலையில எண்ணெ வெச்ச கையால கூட நாங்க தட்டைத் தொட மாட்டோம்" என்றாள்.

நான் காக்காப் பொன் என்று பார்த்துக்கொண்டே விட்டது எல்லாம் பொன். ஐந்து வாரம் முனீர். என் கையாலேயே அலசி அலசி அனுப்பிவைத்திருக்கிறேன். மூன்று தடவை ஏற்றினேன், சீமைக்குப் போகிற சரக்கு என்று பெருமையடித்துக்கொண்டாயே. போதாதென்று புட்டி வேறு.

நான் சுரங்கத்துக்குள் துளை போட்டவன், பொன்னைப் பிரிக்கிற ஆலைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே வேலை செய்த எவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். கேட்கத் தோன்றவில்லை. உனக்குத் தோலைத் தவிர ஒன்றும் தெரியாது, எனக்குப் பாறையைத் தவிர ஒன்றும் தெரியாது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து பொன் எடுக்கப் புறப்பட்டோம்.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் போகவில்லை. நீதான் நன்றாக ஏற்றியிருக்கிறாயே. டின் தட்டோ எப்போதோ கிழிந்துபோயிற்று. மரத்தட்டு குடைந்து காயவைக்க ஒரு மாதம் ஆகும் என்கிறாள். தன் தட்டைத் தர மாட்டாள், அவள் பிழைப்பு அது. இரும்புத் தட்டு என்றால் தணலில் போட்டுச் சுட்டு எண்ணெய்ப்பசையைப் போக்கிவிடலாமாம். நான் திருப்பி அனுப்பிய தட்டு இப்போது கையில் இருந்திருக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஏற எனக்கு மூச்சும் இருந்திருக்க வேண்டும்.

பத்தொன்பது நாள் இருக்கிறது. இனி எனக்கு எழுதாதே.

ரத்தினசாமி


ஆம்பூர்
1 ஜூலை 1932

ரத்தினம்,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது.

உன் கடிதத்தை நான் தனியாகப் படிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். செண்பகம் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு வரி படித்துவிட்டு அடுத்த வரியைத் தாண்டினேன். "இன்னா பாய், எதையோ முழுங்குற?" என்று கேட்டது. அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. எல்லாக் கடிதத்தையும் எடுத்துவந்து முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தேன். உன் நெஞ்சு, என் எண்ணெய், குழி, எல்லாம். சொல் தவறிவிட்டேன். திட்டு.

அழும் என்று நினைத்தேன். அழவில்லை. ஜஹீதா கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து ரெண்டு மாசமா லேசு லேசுன்னு எழுதிக்கினு இருந்திருக்கீங்க. தூக்கறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்காவது தோணிச்சா?" என்று கேட்டது.

பிறகு அந்த இரும்புத் தட்டைக் கேட்டு வாங்கி, எங்கள் அடுப்பிலேயே போட்டுச் சிவக்கச் சுட்டது. மேஸ்திரியிடம் போய்ப் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டது. "குழியில எறங்குற காலு, ஓடையில எறங்கட்டும்" என்றது. நாளைக் காலை ரயிலுக்குக் கிளம்புகிறது. இந்தக் கடிதத்தை அதன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

அந்தத் தட்டை நான் மனசார, நல்லதுக்குத்தான் செய்தேன். அதை மட்டும் நம்பு.

முனீர்


நாட்றம்பள்ளி
18 ஜூலை 1932

முனீருக்கு,

செண்பகம் எழுதச் சொல்லி உட்காரவைத்திருக்கிறாள். என் கோபம் இன்னும் போகவில்லை. ஐந்து வாரத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஆனாலும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அவள் மணல் சுமந்து வந்து கொட்டினாள், நான் இரும்புத் தட்டில் அலசினேன். பொடி நின்றது. நாளைக்கு ஒரு குண்டுமணி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை. ஆடிக்கு முதல்நாள் காலையில் நிறுத்துப் பார்த்தோம். பழையதும் சேர்த்துப் பதினேழு. இன்னும் பதின்மூன்று வேண்டும். என்னால் தட்டைத் தொடக்கூட முடியவில்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் மேல் மடுவுக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கூடை மணலோடு வந்தாள். "இந்த ஒரு கூடையை அலசு, போதும்" என்றாள். வேண்டாவெறுப்பாக அலசினேன். முனீர், என் வாழ்நாளில் அப்படி ஒரு தட்டைப் பார்த்ததில்லை. ஓரம் பூராவும் மஞ்சள். எந்த இடம், எந்தப் பாறைக்கு அடியில் எடுத்தாய் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போது முந்தானை நழுவியது. அவள் காதில் கம்மல் இல்லை. ஈர்க்குச்சி இருந்தது.

அவள் அம்மா வீட்டில் போட்ட கம்மல். பகல் முழுதும் உட்கார்ந்து பாறையில் தேய்த்துப் பொடியாக்கி, மணலில் கலந்து கொண்டுவந்திருக்கிறாள். நான் வாய் திறப்பதற்குள், "பேசாத. ஓடை மணல்லேர்ந்து நீதானே அலசி எடுத்த?" என்றாள்.

மறுநாள் அமீன் வந்தார். தராசில் முப்பதரை நின்றது. "எல்லாம் ஓடைப் பொன்னுதானே?" என்று கேட்டார். "ஓடையில அலசி எடுத்ததுதாங்க" என்று செண்பகம் சொன்னாள். அவர் அவள் காதைப் பார்த்தார். அந்தக் குச்சியைப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார். பேனாவை மையில் தோய்த்தார். "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டு, அனுமதிச் சீட்டில் அவள் பெயரை எழுதினார்.

ஓடை ஒரு வருஷத்துக்குச் செண்பகத்துடையது. நான் அவளிடம் அலசுகிற ஆள். இனி எடுக்கிற முதல் பதின்மூன்று குண்டுமணி அவள் காதுக்கு என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சண்டை பிடிக்கிறாள். நாளைக்கு ஒரு குண்டுமணி என்றாலும் பதின்மூன்று நாள். அதுவரைக்குமாவது என் மூச்சு தாங்கட்டும்.

ரத்தினசாமி